கோட்டைக்கு மிச்ச நேரம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரையாண்டு விடுமுறைக்கு வேலூர் வருகிற வேன்களில் பெரும்பாலானவை காலையில் நேராக ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்குப் போய்விடுகின்றன. கோட்டைக்கு மிச்ச நேரம்தான். ஸ்ரீபுரத்தில் வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். கோட்டைக்கு வந்தால் உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில் நடை சாத்தியிருக்கும். வெள்ளிக்கிழமை என்றால் அரசு அருங்காட்சியகமும் கிடையாது. அகழி முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

பார்க்கும் வரிசையைத் திருப்பிப் போட்டால் போதும். ரயிலில் வருகிறவர்கள் காட்பாடியில் இறங்கி, பாகாயம் போகும் டவுன் பஸ் ஏறினால் கோட்டைக்கு எதிரிலேயே இறங்கலாம். மார்கழிப் பனி விலகுவதற்குள் கோயிலுக்குள் இருப்பது நல்லது; வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலில் கல்தளம் சுடும். கோபுரம் தாண்டியதும் இடக்கைப் பக்கம் கல்யாண மண்டபம். யாளித் தூண்களோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள்: விதானத்தின் நடுவில் தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கிளிகள். உள்ளே இருட்டு, கண் பழக இரண்டு நிமிடமாவது ஆகும். ஃபிளாஷ் போட்டால் கல் வெளுத்து, கிளி தட்டையாகத்தான் விழும். 1981 வரை மூலவர் இல்லாமல் கிடந்த கோயில் இது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பத்து மணிக்கு மேல் அருங்காட்சியகம். கோட்டைக்கு வெளியே, மக்கான் சிக்னல் அருகே 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத் தூண். நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுமாதிரித் தலைப்பாகை அணிய வேண்டும் என்ற உத்தரவுதான் பொறி. அன்று காலையே ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு ஆற்காட்டிலிருந்து வந்து அடக்கிவிட்டார்; இன்று மக்கன் பேடா இனிப்பு வாங்கப் போகிறோமே, அந்த இருபத்தைந்து கிலோமீட்டர்தான். பாலாற்றங்கரை முத்து மண்டபத்தை அநேகமாக யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. இலங்கைக் கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் நினைவிடம் அது; 1832இல் அவர் இந்த ஊர்ச் சிறையில்தான் இறந்தார்.

ஸ்ரீபுரத்தை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளக்கொளியில் பார்க்க வேண்டிய இடம் அது. லுங்கி, அரைக்கால் சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள்; செல்போனுக்கும் அனுமதி இல்லை. இரவு தங்குவதானால், சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ்களை நம்பி வரவேண்டாம். அவை ஆண்டு முழுவதும் நோயாளிகளோடு வந்தவர்களுக்கே போதாது. காட்பாடிப் பக்கமோ புது பஸ் நிலையப் பக்கமோ முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள்.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டை தொல்லியல் துறையுடையது, அருங்காட்சியகம் மாநில அரசுடையது, கோயிலின் நடை நேரம் தனி. இந்த மூன்றின் நேரத்தையும் விடுமுறை நாளையும் ஒரே பலகையில், தமிழிலும் தெலுங்கிலும் பெரிதாக எழுதி, அகழிப் பாலத்துக்கு முன்னாலேயே வையுங்கள். சித்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர், வேலூர்.