சுவரில் இருப்பது பாசியா, பூஞ்சையா?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று படித்ததும்தான் நிம்மதி. நான் போன வாரம் பின்பக்கப் படியில் பாசி வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றுமில்லை, மானம்தான் போயிற்று.

குளியலறை மூலையில் 'கறுப்புப் பாசி' என்று எழுதியிருந்தாயே, அது பெரும்பாலும் பூஞ்சையாகத்தான் இருக்கும். வெளிச்சம் படாத மூலையில் பாசிக்கு என்ன வேலை? அதனிடம் பச்சையம் இருக்கிறது, வெயில் கிடைத்தால் தன் சாப்பாட்டைத் தானே செய்துகொள்ளும். பூஞ்சைக்கு அது வராது. நொதியைக் கசியவிட்டு, ஒட்டியிருக்கும் பொருளை வெளியிலேயே செரித்து, அப்புறம் உறிஞ்சிக்கொள்ளும்.

நீ குழம்பியதில் தப்பில்லை. பள்ளியில் இரண்டையும் 'தாலோஃபைட்டா' என்று ஒரே பாடத்தில்தானே படித்தோம்! வேர், தண்டு, இலை என்று பிரியாத உடல், ஈரத்தின் மேல் ஆசை, ஸ்போர் என்ற விதை போன்ற நுண்துகளை விட்டுப் பெருகுவது என்று மேலோட்டமான ஒற்றுமைகள்தான் காரணம். 1969இல் விட்டேக்கர் என்ற அமெரிக்க உயிரியலாளர் உயிர்களை ஐந்து உலகங்களாகப் பிரித்தபோது பூஞ்சைக்குத் தனி உலகமே கொடுத்தார். மரபணுவைப் பார்த்தால், அது செடியைவிட விலங்குகளுக்கு, அதாவது உனக்கும் எனக்கும், நெருங்கிய சொந்தம். அதன் செல்சுவரில் இருப்பது நண்டு ஓட்டில் உள்ள அதே கைட்டின். சேமித்து வைப்பதும் நம்மைப் போல கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருள்தான். பச்சைப் பாசி சேமிப்பது ஸ்டார்ச். பாசி என்பதும் ஒரே குடும்பம் இல்லை, நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா. சரி, அதை விடு.

நீ அனுப்பிய படத்தில் மரப்பட்டையில் சாம்பல்பச்சைத் திட்டு இருக்கிறதே, அதை விட மனசில்லை. அது லைக்கன். பாசியும் பூஞ்சையும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பூஞ்சை வீடு கட்டி ஈரத்தைப் பிடித்து வைக்கும், பாசி உள்ளே உட்கார்ந்து சமைக்கும். 1867இல் ஷ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலாளர் இது ஓர் உயிர் அல்ல, இரண்டு என்று சொன்னபோது லைக்கன் நிபுணர்களே ஏற்கவில்லை. பூஞ்சை எஜமான், பாசி அடிமை என்று அவர் வர்ணித்தது எனக்கும் உறுத்துகிறதுதான். ஆனால் வெறும் பாறையில்கூட இந்த ஜோடி பிழைத்துக் கிடப்பதைப் பார்த்தால், யார் எஜமான் என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கறுப்பைத் தேய்க்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள், ஸ்போர் பறக்கும். ஜன்னலையும் திறந்து வை. மரப்பட்டையை மட்டும் சுரண்டிவிடாதே. அடுத்த முறை வரும்போது நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்