"அடுத்த சூ பேர்ட்"னு சொல்றதுக்கு முன்னாடி: பாஸ்கெட்பால் வர்ணனையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்க பெண்கள் காலேஜ் பாஸ்கெட்பாலுக்கு டிவில வர்ணனை சொல்றவங்க, பேப்பர்ல எழுதறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஒவ்வொரு நவம்பரும் சீசன் ஆரம்பிச்சதும் எங்கயாவது ஒரு ஃப்ரெஷ்மேன் (முதல் வருஷப் பொண்ணு) பாயிண்ட் கார்ட் (பந்த எடுத்துட்டு வந்து ஆட்டத்த நடத்தறவ) கெளம்பி வருவா. பதினெட்டு வயசு, ஹைஸ்கூல் முடிச்சு ஆறு மாசம்கூட ஆகியிருக்காது, நாலு மேட்ச் நல்லா ஆடினா போதும் நீங்க ஆரம்பிச்சிடறீங்க, அடுத்த சூ பேர்ட், அடுத்த டராசி, இப்பல்லாம் அடுத்த கேட்லின் கிளார்க். ஸ்கிரீன்ல ரெண்டு போட்டோவ பக்கத்துல பக்கத்துல போட்டு கீழ நம்பரயும் ஓட விடறீங்க. ஒப்பிடவே கூடாதுன்னு சொல்ல வரல, எனக்கே அது ரொம்பப் பிடிச்ச விஷயம், புதுசா பாக்க வர்றவங்களுக்கு பழைய ஆட்டக்காரங்க பேரு போய்ச் சேர்றதே அப்படித்தான். ஆனா முதல் வருஷத்த முதல் வருஷத்தோட ஒப்பிடுங்க. நீங்க இப்ப பண்றது நாத்து நட்ட வயலயும் அறுத்து முடிச்ச களத்தயும் பக்கத்துல வச்சு எதுல நெல்லு ஜாஸ்தின்னு கேக்கற மாதிரி இருக்கு.

சூ பேர்ட்டயே எடுத்துக்கலாம். அஞ்சு ஒலிம்பிக் தங்கம், பெண்கள் ப்ரொஃபெஷனல் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.ல நாலு சாம்பியன்ஷிப், 2022-ல தான் ஓய்வு. யூகான்ல (கனெக்டிகட் யுனிவர்சிட்டில) அவங்க ஃப்ரெஷ்மேன் வருஷம் 1998-99, அந்த சீசன்ல அவங்க ஆடினது மொத்தமே 8 மேட்ச் தான், முட்டில ஏ.சி.எல்.ங்கற தசைநார் கிழிஞ்சு மிச்ச சீசன் பூரா பெஞ்ச்ல உக்காந்திருந்தாங்க. அப்ப ஒரு ஃப்ரெஷ்மேன காட்டி அடுத்த சூ பேர்ட்னு சொல்றப்ப நீங்க எந்த சூ பேர்ட்ட மனசுல வச்சிருக்கீங்க? 2001-02ல 39 மேட்ச்லயும் தோக்காத டீமோட நாலாவது வருஷ சீனியரா, இல்ல சியாட்டில்ல இருவது வருஷம் ஆடி முடிச்சவங்களா? ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்தப் புதுப் பொண்ணுக்கு அது நியாயமே இல்ல.

டயானா டராசி கத இன்னும் நல்லா புரிய வைக்கும். 2001 ஃபைனல் ஃபோர் (நேஷனல் டோர்னமெண்ட்டோட கடைசி நாலு டீம் சுத்து), செமிஃபைனல்ல நோட்ரெ டேம் கூட யூகான் 90-75னு தோத்துச்சு. அந்த மேட்ச்ல ஃப்ரெஷ்மேன் டராசி 15 ஷாட் போட்டு ஒண்ணே ஒண்ணு தான் உள்ள போச்சு. அதுக்கப்பறம் 2002, 2003, 2004னு வரிசையா மூணு டைட்டில். இன்னிக்கு ஒரு ஃப்ரெஷ்மேன் மார்ச் மாச டோர்னமெண்ட் மேட்ச்ல 15-க்கு 1 போட்டா அன்னிக்கு ராத்திரியே நீங்க என்ன பேசுவீங்கன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. "இந்தப் பொண்ணு டராசி இல்ல"ன்னு தான வரும்? அந்த வயசுல டராசியும் நீங்க நெனைக்கற டராசியா இல்லங்க.

இப்ப யூகானோட பெய்ஜ் பெக்கர்ஸுக்கு வரேன், ஏன்னா என்னோட பெரிய வருத்தமே அங்க தான் இருக்கு. 2020-21, கோவிட் சீசன், பெரும்பாலும் ஆள் இல்லாத அரங்கம். மின்னசோட்டாவுலேர்ந்து வந்த ஒல்லியான பொண்ணு, மேட்ச்சுக்கு 20 பாயிண்ட், 5.8 அசிஸ்ட் (கூட ஆடறவங்கள கூடைல போட வச்ச பாஸ்), கிட்டத்தட்ட 5 ரீபவுண்ட் (உள்ள போகாத பந்த பிடிக்கறது), கார்டா இருந்துட்டு ஷாட்ல பாதிக்கு மேல உள்ள. ஏ.பி., நைஸ்மித், வுடன்னு வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரருக்கான மூணு விருதும் பெண்கள்ல ஒரு ஃப்ரெஷ்மேனுக்குப் போனது அதான் முதல் தடவ. பேர்ட் வாங்கல, டராசி வாங்கல, மாயா மூர் வாங்கல, பிரியானா ஸ்டூவர்ட்டும் முதல் வருஷத்துல வாங்கல. முதல் வருஷத்துக்கு முதல் வருஷம்னு வச்சுப் பாத்தா யூகான்ல அவளுக்கு மேல யாரும் இல்லன்னு தயங்காம சொல்லியிருக்கலாம், அப்படிச் சொன்னவங்க ரொம்பக் கம்மி.

2021 பிப்ரவரி 8, தென் கரோலினா மேட்ச், நீங்கல்லாம் பாத்திருப்பீங்க. நம்பர் 1-ம் நம்பர் 2-ம், ஓவர்டைம். ஓவர்டைம்ல யூகான் எடுத்த 9 பாயிண்டும் பெக்கர்ஸ் எடுத்தது. கடைசில பத்து செகண்டுக்குப் பக்கம் இருக்கறப்ப ஒரு த்ரீ (தூரத்துலேர்ந்து போடற மூணு பாயிண்ட் ஷாட்) போட்டா, பந்து ரிம்மோட பின்பக்கம் இடிச்சு நேரா மேல எகிறி, அவ்ளோதான் வெளில போயிடுச்சுன்னு நெனைக்கறப்ப அப்படியே செங்குத்தா வலைக்குள்ள விழுந்துச்சு. 63-59னு யூகான் ஜெயிச்சுது. மொத்தம் 31 பாயிண்ட், வரிசையா மூணாவது மேட்ச் 30 இல்ல அதுக்கு மேல, யூகான்ல அதுக்கு முன்னாடி யாருமே அத பண்ணினதில்ல. இத்தனைக்கும் அவ இயல்பு பாஸ் கொடுக்கறது, ஷூட் பண்ணு ஷூட் பண்ணுன்னு கோச் ஜீனோ ஆரியெம்மா திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்த பொண்ணு அவ. அன்னிக்கு எதிர்ப்பக்கம் கோச்சா நின்னது யாரு, டான் ஸ்டேலி. வர்ஜினியாவுக்கு பாயிண்ட் கார்டா ஆடி 1990, 91, 92 மூணு வருஷமும் டீம ஃபைனல் ஃபோருக்குக் கூட்டிட்டுப் போனவங்க. கோர்ட்லயே கண்ணு முன்னாடி அப்படி ஒருத்தர் நிக்கறப்ப, ஒப்பிட வேற யாரு வேணும்? நான் பாத்த வரைக்கும் பேச்செல்லாம் பேர்ட், டராசின்னு தான் போச்சு.

அதே வருஷம் அயோவாவுல இன்னொரு ஃப்ரெஷ்மேன் பாயிண்ட் கார்ட் இருந்தா. கேட்லின் கிளார்க், மேட்ச்சுக்கு 26.6 பாயிண்ட், நாட்லயே முதலிடம், கூடவே 7 அசிஸ்ட். சான் அன்டோனியோல ஸ்வீட் சிக்ஸ்டீன்ல (கடைசி 16 டீம் சுத்துல) ரெண்டு பேரும் மோதினாங்க, யூகான் 92-72. பெக்கர்ஸுக்கு 18 பாயிண்ட், 9 ரீபவுண்ட், 8 அசிஸ்ட், கிளார்க்குக்கு 21 பாயிண்ட். நான் கேட்டா பெக்கர்ஸ் பக்கம் தான் சாய்வேன், ஏன்னா சுத்தி இருந்த நாலு பேர எப்ப எங்க நிக்க வச்சு பந்து கொடுக்கணும்ங்கறது அவளுக்கு அப்பவே கை வந்திருந்துச்சு, கிளார்க்குக்கு அது கொஞ்சம் கொஞ்சமா வந்து நாலாவது வருஷத்துல முழுசா வந்துச்சு. வேற மாதிரி நெனைக்கறவங்க நெனைக்கலாம், ஒரே வயசு, ஒரே வருஷம், ஒரே ரூல், இப்படி ஒப்பிட்டு சண்ட போட்டா சந்தோஷமா நானும் வர்றேன்.

அதுக்கப்பறம் நடந்தது தான் மனசு கேக்கல. 2021 டிசம்பர்ல பெக்கர்ஸுக்கு முட்டில எலும்பு முறிஞ்சுது, 2022 ஆகஸ்ட்ல ஏ.சி.எல். கிழிஞ்சு ஒரு சீசன் பூரா போச்சு. அந்த வருஷங்கள்ல நீங்க பேசினதெல்லாம் என்ன? பேர்ட்டுக்கு டைட்டில் இருக்கு, டராசிக்கு மூணு இருக்கு, ஸ்டூவர்ட்டுக்கு நாலு இருக்கு, பெக்கர்ஸுக்கு ஒண்ணும் இல்லன்னு. 2016-க்கு அப்பறம் யூகான் டைட்டிலே ஜெயிக்காதத அந்த ஒரு பொண்ணு தலைல வச்சீங்க. முதல் வருஷத்துல நீங்களே மாட்டி விட்ட பேர வச்சு மூணாவது வருஷம், நாலாவது வருஷம் கணக்குக் கேட்டீங்க. கடைசில 2025 ஏப்ரல், டாம்பால தென் கரோலினாவ 82-59னு ஜெயிச்சு, காலேஜ் விட்டுப் போறதுக்கு முந்தின கடைசி மேட்ச்ல தான் அவளுக்கு டைட்டில் கெடச்சுது. அன்னிக்கு ஜெயிக்காம போயிருந்தா அவ ஆட்டம் ஒரு துளி கொறஞ்சிருக்குமா? டான் ஸ்டேலி காலேஜ்ல ஆடினப்ப டைட்டில் ஜெயிச்சதே இல்ல. 1991 ஃபைனல்ல டென்னஸிகிட்ட ஓவர்டைம்ல 70-67னு தோத்தாங்க, தோத்த டீம்ல இருந்தும் அந்த ஃபைனல் ஃபோரோட சிறந்த ஆட்டக்காரர் விருது அவங்களுக்குத் தான் கொடுத்தாங்க.

இன்னொண்ணு, பாயிண்ட் கார்ட ஏன் எப்பவும் பாயிண்ட்ட வச்சே அளக்கறீங்க? சூ பேர்ட் காலேஜ்ல சராசரி 12 பாயிண்ட்கூட எடுக்கல. பென் ஸ்டேட்டுக்கு 1984-லேர்ந்து 88 வரைக்கும் ஆடின சூசி மெக்கானல் பேர நீங்க ஒளிபரப்புல சொல்லிக் கேட்ட ஞாபகமே எனக்கு இல்ல. 1,307 அசிஸ்ட், கிளார்க் நாலு வருஷம் ஆடி முடிச்சும் தாண்டாத நம்பர் அது. ஒரு சீசன்ல 355, அத நெருங்கி 2024-ல கிளார்க் 346 வரைக்கும் போய் நின்னா. பெண்கள் காலேஜ் ஆட்டத்துக்கு த்ரீ பாயிண்ட் லைனே 1987-88ல தான் வந்துச்சு, அதாவது மெக்கானலோட கடைசி வருஷத்துல. அதுக்கு முன்னாடி டிஃபென்ஸ் ஆடறவங்க வெளில வந்து நிக்க வேண்டிய அவசியமே கம்மி, உள்ள நெருக்கமா நிப்பாங்க, அந்த நெரிசல்ல பந்த உள்ள நுழைச்சு எடுத்த அசிஸ்ட் அதெல்லாம். இன்னிக்கு மூலைக்கு ஒருத்தர் த்ரீ போடத் தயாரா நிக்கறாங்க, பாஸ் போக வழி எவ்ளோ தெறந்து கெடக்கு. இத ஒரு வரி சொல்லிட்டு நம்பரப் போட்டா ஒப்பீட்டுக்கே வேற மரியாத வரும்.

நம்பர்ல வராத விஷயமும் இருக்கு. ஹானா ஹிடால்கோ, நோட்ரெ டேம், 2023-24ல ஃப்ரெஷ்மேன், மேட்ச்சுக்கு 22 பாயிண்டுக்கு மேல, நாலு ஸ்டீலுக்கு (எதிராளிகிட்டேர்ந்து பந்தப் பறிக்கறது) மேல, அவ டீம் ஆடற ஏ.சி.சி. லீக்ல சிறந்த புதுமுகமும் அவ தான், சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரரும் அவ தான். (அவ கோச் நீல் ஐவி, டராசி 15-க்கு 1 போட்ட அந்த மேட்ச்ல நோட்ரெ டேமுக்கு பாயிண்ட் கார்டா ஆடினவங்க.) ஓரிகான் ஸ்டேட் கூட ஸ்வீட் சிக்ஸ்டீன் மேட்ச் நடுவுல, மூக்குத்தியக் கழட்டினா தான் ஆடலாம்னு அம்பயர்ங்க வெளில அனுப்பிட்டாங்க. ரெண்டாவது குவார்ட்டர்ல சில நிமிஷம் அந்தப் பொண்ணு பெஞ்ச் பக்கம் நின்னு மூக்குத்திய எடுத்துக்கிட்டிருந்தா, மேட்ச் 70-65ல போச்சு. அத அப்பறம் பாக்ஸ் ஸ்கோர்னு போடற கணக்குப் பட்டியல்ல தேடினா எங்க இருக்கும்? "பெரிய மேட்ச்ல சரியா ஆடல"ங்கற ஒரு வரியா தான் இருக்கும்.

கடைசியா, எனக்கு ரொம்ப முக்கியமானது. உங்க ஒப்பீடெல்லாம் பெரும்பாலும் 1982-லேர்ந்து தான் ஆரம்பிக்குது, ஏன்னா காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்தற என்.சி.ஏ.ஏ. பெண்களுக்கு டோர்னமெண்ட் நடத்த ஆரம்பிச்சது அந்த வருஷம். அதுக்கு முன்னாடி பத்து வருஷம், பெண்கள் காலேஜ் ஸ்போர்ட்ஸுக்குன்னு இருந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சங்கம் நடத்தின ஆட்டம் என்ன ஆட்டம் இல்லயா? ஃப்ரெஷ்மேன் பாயிண்ட் கார்ட்னு பேசினா முதல்ல வர வேண்டிய பேரு நான்சி லீபர்மன். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்ல வெள்ளி வாங்கிட்டு, பதினெட்டு வயசுல, அதுக்கப்பறம் தான் ஓல்ட் டொமினியன் காலேஜுக்கே வந்தாங்க. 1979, 1980 ரெண்டு டைட்டில். யு.சி.எல்.ஏ.ல ஆன் மேயர்ஸ் 1978-ல ஒரே மேட்ச்ல 20 பாயிண்ட், 14 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், 10 ஸ்டீல் எடுத்தாங்க. இதெல்லாம் ஆம்பளைங்க பந்து சைஸ்லயே ஆடினது, பெண்களுக்குன்னு சின்ன பந்து 1984-85ல தான் வந்துச்சு. இன்னிக்கு ஒரு பொண்ணு டிரிபிள் டபுள் (மூணு கணக்குல பத்தோ அதுக்கு மேலயோ) போட்டா ஓரிகான்ல ஆடின சப்ரினா அயோனெஸ்குவோட 26 டிரிபிள் டபுள் ஸ்கிரீன்ல வருது, வரட்டும், சந்தோஷம், மேயர்ஸோட அந்த ஒரு ராத்திரியும் வரணும்.

2024 பிப்ரவரி 15 கிளார்க், என்.சி.ஏ.ஏ. ரெக்கார்டா இருந்த கெல்சி பிளம்மோட 3,527 பாயிண்ட்டத் தாண்டினப்ப ஊரே கொண்டாடிச்சு. லின்னட் வுட்டார்ட் கன்சாஸ்ல த்ரீ பாயிண்ட் லைன் இல்லாத காலத்துல 3,649 எடுத்திருந்தாங்க, அது ஏ.ஐ.ஏ.டபிள்யூ. காலங்கறதால என்.சி.ஏ.ஏ. ரெக்கார்ட் கணக்குல அப்ப இல்ல, பதிமூணு நாள் கழிச்சு கிளார்க் அதயும் தாண்டினப்ப உங்க சத்தம் பாதிகூட இல்ல. மார்ச் 3 அயோவா அரங்கத்துக்கு வுட்டார்ட் நேர்ல வந்து உக்காந்திருந்தாங்க. அப்படி வந்து நிக்கறவங்கள பத்தி நீங்க பத்து நிமிஷம் பேசியிருக்கலாம்.

அதனால உங்ககிட்ட கேக்கறது இதான். வர்ற நவம்பர்ல எந்தப் பொண்ணு பந்த எடுத்துட்டு வந்தாலும், பேர்ட் பேரச் சொன்னா அந்த 8 மேட்ச்சயும் சொல்லுங்க, டராசி பேரச் சொன்னா 2001-அயும் சொல்லுங்க, பெக்கர்ஸ் பேரச் சொன்னா அது எப்பேர்ப்பட்ட முதல் வருஷம்னு சொல்லிட்டு அத இன்னொரு பொண்ணு எட்டியே ஆகணும்னு இல்லன்னும் சொல்லுங்க. கிராஃபிக்ஸ் போடறவங்ககிட்ட லீபர்மன், மேயர்ஸ், வுட்டார்ட் பேரெல்லாம் இப்பவே எழுதிக் கொடுத்து வச்சிடுங்க, மேட்ச் நடக்கறப்ப தேட நேரம் இருக்காது.

அன்போட,
உங்க ஒளிபரப்ப தவறாம பாக்கற ஒரு ரசிகை