பிரசவ அறையிலேயே வாரந்தோறும் உயிர்ப்பூட்டல் பயிற்சி கோரும் மனு

அனுப்புநர்
பச்சிளங்குழந்தை உயிர்ப்பூட்டல் பயிற்றுநர்களும் பிரசவ அறைச் செவிலியர்களும்

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் மற்றும் மாவட்ட நலவாழ்வு சங்கத் தலைவர் அவர்கள்

பொருள்: பிரசவம் நடக்கும் எல்லா அரசு நிலையங்களிலும், மூச்சுவிடாத பச்சிளங்குழந்தையை மூச்சுவிடச் செய்யும் உயிர்ப்பூட்டலில் தொடர் செய்முறைப் பயிற்சி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

பிறக்கும் நூறு குழந்தைகளில் ஏறத்தாழ பத்துக்கு முதல் மூச்சுக்கு உதவி தேவைப்படுகிறது. பெரும்பாலானவை துடைத்து முதுகைத் தேய்த்தாலே அழுதுவிடும். மற்றவற்றுக்குக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்தும் பையும் அதன் மாஸ்க்கும் வேண்டும். நெஞ்சை அழுத்துவதும் அட்ரினலின் மருந்தும் நூற்றில் ஒன்றுக்குக்கூடத் தேவைப்படுவதில்லை. ஆகவே குழந்தை மருத்துவர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செவிலியரே இதைச் செய்யலாம். செய்துதான் ஆகவேண்டும். மூச்சுவிடாத குழந்தைக்குப் பிறந்த ஒரு நிமிடத்துக்குள் பையை அழுத்தத் தொடங்க வேண்டும்; மருத்துவர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை.

பயிற்சியே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மத்திய அரசின் நவஜாத் சிசு சுரக்ஷா திட்டத்தில் 2009 முதல் இரண்டு நாள் பயிற்சி தரப்படுகிறது. சான்றிதழ் கோப்பில் இருக்கிறது. கைப்பழக்கம் சில மாதங்களில் போய்விடுகிறது. மாதம் ஐந்து பிரசவம் பார்க்கும் நிலையத்தில் பை தேவைப்படும் குழந்தைகள் ஆண்டுக்கு இரண்டு மூன்று வந்தாலே அதிகம். அவற்றை ஷிப்டுவாரியாகப் பிரித்தால் சில செவிலியர்களுக்கு ஒன்றுகூட வராது.

பயிற்சி பெற்றவர்களிடமும் திரும்பத் திரும்பக் காணும் பிழைகள் இவை. முதலாவது, மாஸ்க்கின் ஓரத்தில் காற்று கசிவது. மாஸ்க் தாடை, வாய், மூக்கை மூட வேண்டும், கண்ணில் ஏறக்கூடாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளிம்பை அழுத்த, மற்ற மூன்று விரல்கள் தாடை எலும்பை மேலே தூக்க வேண்டும். தோளுக்கடியில் ஓர் அங்குலத்துக்கு மிகாமல் துணியை மடித்து வைக்காவிட்டால் கழுத்து மடங்கி மூச்சுக்குழாய் அடைபடும். கழுத்தை அதிகமாக நிமிர்த்தினாலும் அதே கதைதான். நெஞ்சு எழும்பவில்லையென்றால் மாஸ்க்கைத் திரும்பப் பொருத்தி, தலையைச் சரிசெய்து, வாயில் சளி இருந்தால் எடுத்து, வாயைச் சற்றே திறந்துவைத்து அழுத்த வேண்டும். அப்போதும் எழும்பாவிட்டால்தான் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். இந்த வரிசையைப் புத்தகத்தில் படித்தால் போதாது, கைக்குப் பழக வேண்டும்.

அடுத்தது பதற்றம். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அழுத்த வேண்டிய இடத்தில் நூறைத் தாண்டிவிடுகிறார்கள். 'அழுத்து, இரண்டு, மூன்று' என்று வாய்விட்டு எண்ணினால் வேகம் தானாகக் கட்டுப்படும். மூன்று கிலோ குழந்தைக்கு ஒரு மூச்சுக்கு 12 முதல் 18 மில்லி காற்றே போதும். அவசரத்தில் பெரியவர்களுக்கான பையை எடுத்து அழுத்தினால் நுரையீரல் கிழியும் அபாயம் உண்டு.

குழாய்விட்டுச் சளியை உறிஞ்சும் சக்ஷனில் வீணாகும் நேரமும் கொஞ்சமல்ல. தொண்டைக்குள் நெடுநேரம் குழாயை விட்டால் இதயத் துடிப்பே குறையும். முதலில் வாய், பிறகு மூக்கு, அதுவும் சளி அடைத்திருந்தால் மட்டும். நிறைமாதக் குழந்தைக்குச் சாதாரணக் காற்றிலேயே தொடங்கலாம் என்பது தெரியாமல் ஆக்சிஜன் சிலிண்டரைத் தேடி ஓடுவதும் நடக்கிறது. தலைகீழாகப் பிடித்துத் தட்டும் பழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை.

கருவியிலும் கோளாறு வரும். பையைக் கழற்றிக் கழுவி மாட்டும்போது வால்வு தலைகீழாகிவிட்டாலோ விடுபட்டுப்போனாலோ குழந்தைக்குக் காற்றே போகாது. மாஸ்க்கை உள்ளங்கையில் வைத்துப் பையை அழுத்திப் பார்த்தால் பத்து நொடியில் தெரிந்துவிடும். கையில் அழுத்தம் தெரிய வேண்டும், பாதுகாப்பு வால்வு திறந்து காற்று சீறி வெளியேற வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் நெஞ்சு எழும்பும், தொப்புள்கொடியில் துடிப்பைக் காட்டும் பயிற்சிப் பொம்மை ஒன்றும், 250 முதல் 500 மில்லி பை, 0 மற்றும் 1 அளவு மாஸ்க்குகள் கொண்ட செட் இரண்டும் வழங்க வேண்டுகிறோம். ஒரு செட் கழுவப்போனால் மற்றொன்று குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் அருகே இருக்கும். வாரம் ஒருமுறை ஷிப்டு மாறும் நேரத்தில் பத்து நிமிடம் பிரசவ அறையிலேயே, அதே வார்மரில் பயிற்சி நடக்கட்டும். இதற்கு ஸ்லைடு, புரொஜெக்டர் எதுவும் வேண்டாம். பையைச் சோதித்ததை ஒவ்வொரு ஷிப்டிலும் பொறுப்பு ஒப்படைக்கும் பதிவேட்டில் குறிக்க உத்தரவிட வேண்டும். வண்டியிலேயே பிரசவம் பார்க்க நேரும் 108 ஊழியர்களையும் சிசேரியன் அறைச் செவிலியர்களையும் இதில் சேர்க்க வேண்டும். பயிற்சி பெற்ற எல்லோரையும் ஒரே நேரத்தில் வேறு வார்டுக்கு மாற்றக்கூடாது.

பை பயன்படுத்திய ஒவ்வொரு முறையும், முதல் அழுத்தம் எத்தனையாவது நொடியில், இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டியது எப்போது என்று எழுதிவைத்து மாதக் கூட்டத்தில் பேச வேண்டும். அதைக் காட்டி மெமோ கொடுக்கக்கூடாது என்பதைத் தாங்கள் எழுத்தில் தர வேண்டுகிறோம். மெமோ வரும் என்று தெரிந்தால் எல்லாப் பதிவேடும் 'ஒரு நிமிடத்துக்குள்' என்றே சொல்லும்.

தங்கள் அலுவலர்கள் ஆய்வுக்கு வரும்போது, சான்றிதழைக் கேட்பதற்குப் பதில் பணியிலிருக்கும் செவிலியரிடம் பொம்மையைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லுமாறும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பயிற்றுநர்கள் மற்றும் செவிலியர்கள்