மாலைப் பயிற்சிக்குப் பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு நம் பள்ளி மைதானத்தில் ஒருவருக்குப் பாராட்டு விழா வைத்திருக்கிறோம். காவேரிப்பட்டணம் ரோட்டில் மாங்காய் மண்டி நடத்தியவர். பிள்ளைகளுக்கு ‘மண்டி தாத்தா’. கடிதத்தில் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். சிலர் பள்ளி நாட்களில் அவர் அமைத்த களத்திலேயே கபடி ஆடியவர்கள்.

சீருடையும் கோப்பையும் வாங்கித் தருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதுவும் நல்ல உதவிதான். இவர் செய்வது வேறு. நம் மைதானத்தில் மழை ஒன்று பெய்தால் போதும், சரளைக்கல் மேலே வந்துவிடும். மறுநாளே டிராக்டரில் சலித்த செம்மண் வந்து இறங்கும். தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டிச் சமன் செய்த பிறகு, அவரே மண்டியிட்டு உள்ளங்கையால் தரையைத் தடவிக்கொண்டே போவார். கண்ணுக்குத் தப்பிய கல் கைக்குத் தட்டுப்படும். பிள்ளைகளின் முழங்காலில் படும் முன்னால் அது அவர் சட்டைப் பைக்குள் போய்விடும். ஆண்கள் களம் 13க்கு 10 மீட்டர், பெண்கள் களம் 12க்கு 8 மீட்டர். இரண்டையும் டேப் பிடித்து அளந்து, கயிறு கட்டித்தான் சுண்ணாம்புக் கோடு போடுவார். கோடு ஒரு சாண் விலகினாலும் அழித்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். தப்பான அளவில் பழகினால் போட்டியன்று கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டில் கால் தடுமாறும் என்பார்.

சீசனில் மண்டியில் விடிய விடிய லோடு ஏறும். அந்த நாட்களிலும் சாயங்காலம் சுண்டல் தூக்கு வந்துவிடும். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் வாங்காமல் பெங்களூரா மாங்காய் விலை விழுந்த வருடங்களிலும் அது நின்றதில்லை. வெளியூர்ப் போட்டி என்றால், மண்டி லாரி சும்மா நின்றாலும் பிள்ளைகளை அதில் ஏற்ற விடமாட்டார். வேன் பிடித்துத் தருவார். வகுப்புக்கு மட்டம் போட்டவர்களுக்கு அன்று களத்தில் இடமில்லை. இதில் அவர் என்னைவிடக் கண்டிப்பு.

இப்போது மண்டியை மகனிடம் ஒப்படைத்துவிட்டார். விழாவுக்குச் சம்மதம் கேட்கப் போனபோது, சால்வை, மாலை எதுவும் வேண்டாம் என்றார். அவர் கேட்டது ஒன்றுதான்: எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் பலர் ஏன் பயிற்சிக்கு வருவதில்லை என்று பெற்றோரிடம் பேச வேண்டும். அதற்காகவே இந்தக் கடிதம்.

வயதுக்கு வந்ததும் பெண்ணை மைதானத்திலிருந்து நிறுத்திவிடுகிறோம். நன்றாக ஆடும் பிள்ளைகளே அப்படிப் பாதியில் நின்றிருக்கிறார்கள். நம் மாவட்டத்தில் விளையாட்டு நின்ற கையோடு படிப்பும் நின்று, 18 வயதுக்கு முன்பே கல்யாணப் பேச்சு தொடங்குவதும் நீங்கள் அறியாததல்ல. ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஆண்கள் கபடி 1990-இல் சேர்ந்தது. பெண்கள் கபடிக்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே கதவு திறந்த பிறகும் நாம் வீட்டில் அடைத்து வைப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது. நன்றாக ஆடுபவர்களுக்கு அரசு விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. தமிழக அரசு வேலைகளில் தகுதியான விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடும் உண்டு. எல்லோரும் அதுவரை போவார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடும் பெண் மறுநாள் வகுப்பில் நிமிர்ந்து உட்காருவதை நான் தினமும் பார்க்கிறேன்.

உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. பயிற்சி இருட்டுவதற்குள் முடிந்துவிடும். பெண் ஆசிரியர் ஒருவர் கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை உடன் இருப்பார். உடை விஷயத்தில் தயக்கம் இருந்தால் டிராக் பேண்ட் அணிந்தே ஆடலாம். மாதவிடாய் நாட்களில் ஓய்வு வேண்டுமென்றால் காரணம் கேட்கமாட்டோம்.

ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் கையெழுத்திட்டு வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். கேட்க ஏதாவது இருந்தால் நேரில் வாருங்கள், காலை 9 மணிக்கே அறையில் இருப்பேன். வெள்ளிக்கிழமை விழாவுக்கு அம்மா, அப்பா இருவரும் வாருங்கள். 5 மணிக்கு எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகளின் ஆட்டம் நடக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்