கோரிக்கை மனு: என் தாயாரின் கல்லீரல் கட்டியை ஊசி வைத்துச் சுடும் சிகிச்சைக்கு உடனடி அனுமதி வேண்டி

அனுப்புநர்
கீழ்பவானி வாய்க்கால் கரையோரக் கிராமத்து விசைத்தறித் தொழிலாளி

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்

பார்வை: திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டங்களில் நான் ஏற்கெனவே கொடுத்த மனுக்கள் (பதில் வரவில்லை)

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வாய்க்கால் உடைப்பைப் பார்க்கத் தாங்கள் எங்கள் ஊருக்கு வந்தபோது இறங்கி நின்ற பாலத்தை அடுத்த தறிக்குடோன் சந்தில்தான் எங்கள் வீடு. பஸ் வசதி எப்படி என்பதும் தாங்கள் அறிந்ததே.

என் தாயாருக்கு வயது 61. மஞ்சள் வேகவைக்கும் வேலைக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தவர். ஹெபடைடிஸ் பி கிருமியால் கல்லீரல் இறுகி, அதில் ஒரு கட்டி வந்திருக்கிறது. இறுகிய கல்லீரலை வெட்டினால் உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனால் வழி இருக்கிறது என்றும் அவரே சொன்னார். ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டே தோல் வழியாக ஒரு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலை அல்லது மைக்ரோவேவ் சூட்டில் கட்டியைக் கருக்கிவிடலாமாம். 60 டிகிரியைத் தாண்டினாலே அந்தச் செல்கள் செத்துவிடும். வயிற்றைக் கிழிக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீடு திரும்பிவிடலாம். காப்பீட்டு அட்டையில் செய்ய எழுதியும் கொடுத்தார். அங்கிருந்துதான் எங்கள் கஷ்டம் ஆரம்பம்.

1. முதலில் பார்த்தபோது கட்டி 2.1 செ.மீ. கடைசி ஸ்கேனில் 2.7 செ.மீ.

2. காப்பீட்டு அனுமதிக்கு அனுப்பிய ஃபைல் "ஸ்கேன் பழையது, புதிது எடுத்து வரவும்" என்று திரும்பி வந்தது. ஸ்கேன் பழையதானது எங்களாலா ஐயா? ஃபைலை மேசையில் வைத்திருந்தது யார்? சரி என்று புதிய ஸ்கேனுக்குத் தேதி கேட்டால், அதற்கே வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எடுத்துக் கொடுத்தோம். அது வரிசையில் கிடந்து மறுபடியும் பழையதாகிவிட்டது! சிவப்பு மையில் தேதியை வட்டமிட்டு அதே ஃபைலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அம்மா வெறும் வயிற்றோடு முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறார். கையில் நரம்பு கிடைக்காமல் மாற்றி மாற்றிக் குத்தி மருந்து ஏற்றுகிறார்கள். ஸ்கேன் படங்களை ஜவுளிக்கடைப் பையில் மடங்காமல் நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறார். ரிப்போர்ட் வாங்கி வந்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: "எத்தன சென்டி ஆச்சு சாமி?" படிக்கத் தெரியாதவர் ஐயா. மூன்றைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் அவருக்குத் தெரியும். போன முறை நான் பொய் சொன்னேன். வேறென்ன சொல்வது?

3. அந்த மூன்றுக்குக் காரணம் இருக்கிறது. 3 செ.மீ.க்குள் உள்ள கட்டியைத்தான் இந்த ஊசி நன்றாகச் சுடும். கட்டியைச் சுற்றி அரை சென்டிமீட்டராவது நல்ல சதையையும் சேர்த்துச் சுட்டால்தான் மிச்சம் நிற்காது. கட்டி பெரிதாகப் பெரிதாக ஓரத்தில் மிச்சம் நிற்கும், திரும்ப வளரும். பெரிய ரத்தக்குழாயை ஒட்டிப் போய்விட்டால் ஓடுகிற ரத்தமே சூட்டை இழுத்துக்கொள்ளும். அப்புறம் ரத்தக்குழாய் வழியாக மருந்து விட்டு அடைக்கும் சிகிச்சைதான் என்கிறார் மருத்துவர். அது கட்டியை அடக்கி வைக்குமே தவிர, பெரும்பாலும் முழுதாக அழிக்காது. இன்று குணப்படுத்தக்கூடிய நோயை நாளை சமாளிக்க மட்டுமே முடியும் என்ற நிலைக்குத் தள்ளுவது நோயா, இந்தத் தாமதமா?

4. கவுண்டரில் "குடிப்பழக்கம் உண்டா" என்று எல்லார் முன்னாலும் சத்தமாகக் கேட்டார்கள். கல்லீரல் என்றாலே குடிதானா? அம்மா கூனிக் குறுகி நின்றார்.

ஐயா, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று அச்சடித்த அட்டை எங்கள் கையில் இருக்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை. இருக்கிற ஸ்கேனை வைத்தே இந்த வாரமே அனுமதி தரச் சொல்லுங்கள். அம்மாவைப் பார்க்கும் மருத்துவமனையில் கருவியோ அதை இயக்கும் ரேடியாலஜி மருத்துவரோ இல்லை என்றால் அதை எழுத்தில் கொடுத்து, வசதி உள்ள மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லுங்கள். கோவையோ சென்னையோ, எங்கே என்றாலும் கூட்டிப் போகிறேன். தறியை நிறுத்திவிட்டுப் போகிறேன்.

இனி எந்த நோயாளிக்கும், அலுவலகத் தாமதத்தால் பழையதான ஸ்கேனைக் காரணம் காட்டி ஃபைலைத் திருப்பக் கூடாது என்றும் உத்தரவிட வேண்டும். அந்த வரிசையில் பெருந்துறைக்காரர், காங்கேயத்துக்காரர், சத்தியமங்கலத்து மலையிலிருந்து இறங்கி வந்தவர் எல்லாரும் இதே பையோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மனு பெறப்பட்டது என்ற ரசீது எனக்கு வேண்டாம் ஐயா, அவை நிறைய இருக்கின்றன. அனுமதி வேண்டும். கட்டி 3 செ.மீ. ஆவதற்குள் அனுமதி வேண்டும் என்று தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நோயாளியின் மகன்

இணைப்பு: ஸ்கேன் அறிக்கைகள், மருத்துவரின் பரிந்துரைக் கடிதம், காப்பீட்டு அட்டை நகல், முந்தைய மனுக்களின் ரசீதுகள்