புது வண்டி வேண்டாம் தம்பி

தம்பிக்கு அப்பா எழுதுவது. ஃபோனில் நீ, பைக் பழசாகிவிட்டது, புது வண்டி எடுத்துத் தருகிறேன், திருட்டுக்கு வாசலில் கேமரா மாட்டித் தருகிறேன் என்று சொன்னபோது பக்கத்தில் அம்மா இருந்ததால் மனதில் உள்ளதைச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

வண்டி கெட்டுப்போவது பழசு என்பதால் மட்டும் இல்லை. நம் கடலோர ஊரில் வாடைக்காற்று தொடங்கிவிட்டால் ராத்திரி வாசலில் நிற்கிற வண்டியைக் காலையில் தொட்டால் கை பிசுபிசுக்கும். அது வெறும் பனி இல்லை, உப்பு. உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இரும்பு காயவே காயாது. சைலன்சர் அடியில் ஓட்டை விழுந்துவிட்டது, பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே துரு ஏறி, பிடித்தால் திரும்ப விட மாட்டேன் என்கிறது. நல்ல தண்ணீரில் அடிக்கடி கழுவுங்கள் என்கிறார் மெக்கானிக். நம் கிணற்றில் உப்புத் தண்ணீர், அதில் கழுவுவதும் ஒன்று, கடலில் இறக்குவதும் ஒன்று. காவிரித் தண்ணீர் வருகிற அன்று குடிக்கப் பிடித்தது போக மிச்சம் இருந்தால்தான் வண்டிக்கு. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்துக்கே இந்தக் காற்றுக்குப் பயந்து துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பூச்சும் போட்டிருக்கிறார்கள், நம் வண்டி எம்மாத்திரம்.

புதுசு வாங்கினாலும் இதே கதிதான். 2020-இல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு வருகிற பெரும்பாலான வண்டியில் கார்பரேட்டர் இல்லை, இன்ஜெக்‌ஷன், சென்சார். ஒரு கனெக்டரில் உப்புப் பூத்தால் போதும், நம் ஊர் மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது, ராமநாதபுரத்துக்கு வண்டியேற்றிக் கொண்டு போய்க் கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். இந்த வண்டி என்றால் கார்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவிக் கையோடு மாட்டித் தந்துவிடுவார்.

அப்புறம் திருட்டு. பேட்டரியைக் கழற்றக்கூடப் பொறுமை இல்லாமல் வயரை அறுத்து எடுத்திருக்கிறான், இரண்டு முனையும் பல் பல்லாகத் தொங்கியது. அந்த வயரை ஒட்டவைக்கவே பாதி நாள் போனது. அதே வாரத்தில் கிணற்று மோட்டார் கேபிள். பின்னால் கருவேலங்காட்டுக்குள் போய்ப் பார்த்தேன், ஒரு இடத்தில் மணல் கருகி, எரிந்த பிளாஸ்டிக் கட்டிக் கட்டியாகக் கிடந்தது. செம்பை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனுக்குப் பழைய இரும்புக் கடையில் கிடைப்பது என்னவோ சொற்பம், நமக்குப் புதுக் கேபிள் போட எத்தனை செலவு, அதுவரை அம்மா வாளியில் இறைத்தாள்.

ஆனால் அவள் அழுதது இதற்கெல்லாம் இல்லை. பின்வாசலில் கவிழ்த்து வைத்திருந்த பித்தளை அண்டாவும் போய்விட்டது. உன் தாத்தா சீராகக் கொடுத்தது, விளிம்பில் அவள் பேர் வெட்டியிருக்கும். பேர் இருப்பதாலேயே முதல் வேலையாக அதை அடித்து நசுக்கியிருப்பான் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட, அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை தம்பி. இப்போது கல்யாண வீட்டுக்குக்கூட இருவரும் சேர்ந்து போவதில்லை, ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும் என்கிறாள். கேமரா வைத்தால் முகம் தெரியும், சரி, அந்த உப்புக் காற்றில் கேமரா எத்தனை நாள் தாங்கும்? பின்பக்கம் நல்ல விளக்கு ஒன்றும், பாத்திரம் வைக்கப் பூட்டுகிற அறை ஒன்றும் இருந்தால் அவளுக்குத் தைரியம் வரும், அதற்குப் பணம் அனுப்பு.

போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். அங்கே ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்துவிட்டு, வண்டி உங்கள் பேரில் இல்லையே என்றார்கள். நீ காலேஜ் படிக்கும்போது உன் பேரில் எடுத்தது, அப்படியே கிடக்கிறது. நாளைக்கு வண்டியையே தூக்கிக்கொண்டு போனால் நான் எதைக் காட்டுவது?

வண்டிப் பதிவின் பதினைந்து வருடமும் முடியப்போகிறது, புதுப்பிக்க வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட வேண்டும். அங்கே வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கிற சேஸிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். ஹேண்டில் பாருக்குக் கீழே அந்த நம்பர் இருக்கிற இடத்தில் துரு ஏறி, கடைசி இரண்டு எழுத்து விரலில் தடவினால்தான் தெரிகிறது. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன், இதற்கு மேல் அரிக்க விடக்கூடாது. அதனால் பொங்கலுக்கு வரும்போதே பேர் மாற்றிவிடுவோம். ஃபார்ம் 29, 30 நான் வாங்கி வைக்கிறேன், நீ ஆதார் அட்டை அசலைக் கொண்டு வா. வண்டி எடுத்தபோது கொடுத்த பழைய ஃபோன் நம்பர்தான் வண்டிப் பதிவில் இருக்கிறது என்றால் ஓ.டி.பி. அதற்குத்தான் வரும், அந்த சிம்முக்கு இன்றைக்கே ரீசார்ஜ் பண்ணிவிடு.