ஈன்ற நாய்க்குச் சோறு வையுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழைக்காலம் வந்தாலே எங்கள் தெருவில் ஏதாவது ஒரு படிக்கட்டுக்கு அடியில் நாய் குட்டி போட்டிருக்கும். போகிறவர்கள் எல்லாம் பாக்கெட் பாலைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள், நல்ல மனசுதான், ஆனால் கண்ணே திறக்காத குட்டி கிண்ணத்தில் குடிக்காது, வாயில் ஊற்றினால் புரையேறும், பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும். தாய்க்குச் சாப்பாடு கொடுத்தால் போதும், குட்டியை அது பார்த்துக்கொள்ளும். முட்டை, கோழி வேகவைத்த தண்ணீரில் குழையப் பிசைந்த சோறு, பக்கத்திலேயே தண்ணீர். பால் கொடுக்கும் நாய்க்கு இரண்டு மூன்று மடங்கு பசிக்கும்.

அப்புறம் ஈரம். முதல் இரண்டு வாரம் குட்டிகளால் உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்ள முடியாது, காய்ந்த சாக்கு ஒன்று விரித்தாலே பெரிய உதவி. செல்ஃபிக்காகத் தூக்காதீர்கள், தாய் மிரண்டால் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு ரோட்டைத் தாண்டி இடம் மாற்றும். ராத்திரியோடு ராத்திரியாகக் கோணியில் கட்டிக் கொண்டுபோய் விடுகிறவர்களை என்ன சொல்ல? எட்டு வாரம் பொறுத்தால் கேட்பவர்களுக்கு வளர்க்கக் கொடுக்கலாமே. குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட உள்ளாட்சி ஆட்கள், புகாருக்குக் காத்திராமல், தாங்களே வரவேண்டும்.

ஒரு வாசகர், தாம்பரம்